கல்லாவுக்கு இந்தப் பக்கம்

காலை ஏழரைக்குக் கதவைத் திறந்தால்
முதலில் மழை வரும்.
பிறகு கொத்தனார்கள்.
பத்து மணிக்கு மேல்
புது அளவுநாடாவின் மஞ்சள் மினுங்க
புதிதாக வீடு வாங்கியவர்கள்.

ட்ரெடிகரின் மேட்டுத் தெருவில்
கட்டுமானப் பொருள் கடை.
பதினோரு வருஷமாக
கல்லாவுக்கு இந்தப் பக்கம் நான், எலுனெட்.

எந்தச் சுவரை இடிக்கலாம்?
எல்லோரும் கேட்பது இதைத்தான் முதலில்.
வீட்டுக்கு ஒரு சுவராவது பகையாளி.
தட்டிப் பார்த்தேன், பொள்ளென்று கேட்டது என்பார்கள்.
மாடிக்குப் போங்கள் என்பேன்,
அதன் தலைமேல் இன்னொரு சுவர் நின்றால் தொடாதீர்கள்.
நிற்காவிட்டாலும்
இன்ஜினியரைக் கூப்பிடாமல் தொடாதீர்கள்.
ஹேடன் ப்ராஸர் கூப்பிடவில்லை.
அவர் குளியல் தொட்டி இப்போது
சாப்பாட்டு அறையை
லேசாகக் குனிந்து பார்க்கிறது.

சமையலறையா கூரையா, எது முதலில்?
கேட்கும்போதே கண்
கிரானைட் மேடையின் விலைச்சீட்டில் இருக்கும்.
மேலிருந்து கீழே வாருங்கள்.
தண்ணீர் அப்படித்தான் வருகிறது.

ஓதம் ஏறிய சுவருக்கு என்ன பெயிண்ட்?
டின்னைக் காட்டுவேன், விற்பதுதானே பிழைப்பு.
மழையில் வெளியே நின்று
உங்கள் வீட்டை ஒரு தடவை பாருங்கள்
என்றும் சொல்வேன். முதலாளிக்குப் பிடிக்காது.
கல்வீட்டுக்குச் சிமெண்டைப் பூசி
மூச்சை அடைத்தவர்கள்தான் பாதிப் பேர்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?
ஒரு தொகை சொல்லுங்கள்.
சொல்லியாச்சா, ஒன்றரையால் பெருக்குங்கள்.
பெருக்கினது என் மனைவிக்குத் தெரிய வேண்டாம்
என்று சிரித்தார் ஒருவர்.
அடுத்த வருஷம் அவள் மட்டும் வந்து
வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போனாள்.

போன வியாழன் வந்தவன் பெயர் கெரைன்ட்.
கார்டிஃபில் பல்செட் செய்கிறானாம்.
கையிருப்பு கொஞ்சம், மாமனார் பணம் கொஞ்சம்.
அடுத்த வாரம் ஏலம்,
அடிமாட்டு விலைக்குப் போகும் என்று கேள்வி.
ஆள் குடியிருக்கும் வீட்டை எடுக்கலாமா,
காலி வீடுதான் நல்லதா?

ஆள் இருந்தால்
முதல் மாதமே வாடகை வரும் என்றேன்.
காலி என்றால் மறுநாளே சுத்தியல் எடுக்கலாம்.

எடுத்ததும் காலி செய்யச் சொல்லி,
புதுசாக்கி விற்றுவிட்டால்?

வக்கீலைக் கேளுங்கள்.
எனக்குத் தெரிந்து ஆறு மாத நோட்டீஸ்.

ஏலப் பட்டியலைக் கல்லாமேல் விரித்தான்.
படத்தில் ஒரு பச்சைக் கதவு.
எண் பதினான்கு.
மாடி ஜன்னலில், போட்டோக்காரன் நகர்த்தச் சொல்லாத
என் ஜெரேனியம் தொட்டி.

வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
திங்கட்கிழமைகூட இங்கே வந்து
அரை லிட்டர் வெள்ளை வாங்கிப் போனார்.

குடியிருக்கிறவர் எப்படி, உங்களுக்குத் தெரியுமா?

வாடகை தவறியதில்லை என்றேன்.
பின்னறைக்கு மேலே, மூன்றாம் வரிசையில்
ஒரு ஸ்லேட் உடைந்திருக்கிறது.
நாலு வருஷமாகச் சொல்லியாச்சு.
கீழே ஒரு சூப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள்.
விலை கேட்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொண்டான்.
நல்ல பையன், கையெழுத்து மணிமணியாக இருந்தது.
வேறு ஏதாவது கேட்க மறந்துவிட்டேனா என்றான்.
போகும்போது எல்லோரும் கேட்பதுதான்.
இல்லை என்பேன் எப்போதும்.
இல்லை என்றேன்.

அளவுநாடா ஏழு பவுண்டு ஐம்பது.
மீதியை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தேன்.

ஆறு மாதம்.
அதில் நாலு, மழை.

சாயந்திரம் ஷட்டரை இறக்குமுன்
என் கணக்கில் எழுதி
ஒரு ஸ்லேட்டும் இரண்டு செப்பு ஆணியும் எடுத்துக்கொண்டேன்.
ஏணி, பக்கத்து வீட்டில் இருக்கிறது.